நாற்பத்துநாலு பதினேழு இன்னும் இறங்கவில்லை

மலைவரவு முறைமை ஆணையம் வருவதற்கு முன்பு இந்த மலைக்கு யார் வேண்டுமானாலும் வந்து, பார்த்துவிட்டு, இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. யார் மேலே இருக்கிறார்கள், யார் கீழே போய்விட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது. இன்று அப்படியில்லை. எந்த வண்டி எந்த வளைவில் நிற்கிறது என்பது ஆணையத்தின் திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரிகிறது. ‘மலை உங்களுடையது, அனுமதி எங்களுடையது’ என்று அடிவாரத்தில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எதுவும் தெரியாமல்தான் கலைமதி ஒரு ஐப்பசி மாதத்தில் ஊட்டி பார்க்கக் கிளம்பி வந்தாள்.

ராஜபாளையத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. வயது நாற்பத்து நான்கு. ஊசி ஏற்றும்போது எதிரே இருப்பவர்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால் ஊரில் பாதிப் பேருடைய நரம்பு அவளுக்குத் தெரியும். அவள் முகம் அவர்களுக்குத் தெரியாது. கூட வேலை செய்கிறவர்கள் மூன்று முறை வேன் பிடித்து ஊட்டிக்குப் போய் வந்தார்கள். அவளை அழைக்கவில்லை. கார், வேன் எதில் உட்கார்ந்தாலும் பத்தாவது நிமிஷம் அவளுக்கு வாந்தி வந்துவிடும். பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் ஒன்றும் செய்யாது. இத்தனை வயதுக்குப் பிறகு தனியாகவே போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஐந்து நாள் லீவு போட்டாள். மேட்டுப்பாளையத்தில் பேருந்து ஏறினாள்.

அடிவாரச் சாவடியில் பேருந்து நின்றது. ஆணையத்தின் ஆள் ஒருவர் ஏறி, சுற்றுலாப் பயணிகள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். ஐம்பது பேரில் கலைமதி ஒருத்திதான் கை தூக்கினாள். ஸ்வெட்டரும் தொப்பியும் புதிதாக வாங்கிப் போட்டிருந்த இருபது பேர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம் நிற்பேன், சீக்கிரம் வாங்க என்று நடத்துநர் இரக்கத்தோடு சொன்னார்.

கவுன்ட்டரில் ரெனிஷ் என்ற எழுத்தர் இருந்தான். கூடலூர்க்காரன், முப்பது வயதிருக்கும். வண்டி எண்ணைக் கேட்டான். பேருந்தில் வந்தேன் என்றாள். பேருந்து எண்ணைப் போட முடியாது, பேருந்து சுற்றுலா வரவில்லை, வேலைக்கு வருகிறது என்றான். அப்படியானால் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டுவிடலாமே என்றாள். கம்ப்யூட்டர் வெறும் கட்டத்தை ஏற்காது. நடந்து வந்ததாகப் போடலாமா என்று கேட்டாள். நடப்பது என்பது பட்டியலில் இல்லை. கார், வேன், மினி பஸ், இரு சக்கரம், இதர வாகனம். அவ்வளவுதான்.

ரெனிஷ் மேலதிகாரிக்குப் போன் செய்தான். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் பதில் அவளுக்கும் கேட்டது. வண்டி இல்லாமல் ஒருவர் மலைக்கு வந்தார் என்று பதிவு செய்தால் நாளைக்கு எல்லோரும் அப்படியே வரத் தொடங்கிவிடுவார்கள், பிறகு வாகன நெரிசலைக் கட்டுப்படுத்தும் ஆணையம் எதற்கு என்று அந்தக் குரல் கேட்டது. நியாயமான கேள்விதான்.

பேருந்து ஹாரன் அடித்தது. ரெனிஷ் தலையைச் சொறிந்தான். பிறகு வேறு ஒரு பட்டியலைத் திறந்தான்.

“அக்கா, மேல போயிட்டு இன்னும் இறங்காத வண்டிங்க கொஞ்சம் இருக்கு. இதோ ஒரு கார். ரெண்டு வருஷம் முந்தி, மே முப்பதாம் தேதி ஏறியிருக்கு. பேர் பிரைட்டன். நாலு பேர் உட்கார்ற வண்டி. ஓட்டுறவர் மட்டும்தான் பதிவாயிருக்கார். உங்களை அதுல சக பயணியாச் சேர்த்துடறேன். யாருக்கும் நஷ்டமில்லை.”

“அவர் யாருன்னே எனக்குத் தெரியாதே.”

“அவருக்கும் உங்களைத் தெரியாதுல்ல அக்கா.”

ஹாரன் மறுபடி அடித்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். பிரைட்டன் என்ற பெயரும், கடைசியில் 4417 என்று முடியும் வண்டி எண்ணும், கறுப்புச் சதுரம் ஒன்றும் அச்சான சீட்டு அவள் கைக்கு வந்தது. அவள் பெயர் அதில் எங்கும் இல்லை.

மறுநாள் காலை முதலில் பூங்காவுக்குப் போனாள். வாசலில் கருப்புசாமி என்ற காவலர் சீட்டின் சதுரத்தைக் கருவியில் காட்டச் சொன்னார். கருவிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மிகவும் சந்தோஷமாக, “வணக்கம் பிரைட்டன். தங்கள் வாகனத்தைக் கட்டம் முப்பத்தொன்றில் நிறுத்தவும்” என்றது. கலைமதி தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பனிமூட்டம்தான் இருந்தது.

தன்னிடம் வண்டி இல்லை என்று அவள் விளக்கினாள். கருப்புசாமி பொறுமையாகக் கேட்டார். வண்டி இருக்கிறதா இல்லையா என்பது தன் வேலையில்லை என்றார். முப்பத்தொன்றாம் கட்டத்தில் நிறுத்தியதாகக் கருவியில் விழுந்தால்தான் வாசல் கதவு திறக்கும். கட்டத்தில் ஏதாவது பத்து நிமிஷம் நிற்க வேண்டும்.

“நீங்களே போயி நில்லுங்க. வேற வழியில்லீங்க.”

அவள் பார்க்கிங்குக்குப் போனாள். வெள்ளைக் கோடு போட்ட கட்டத்துக்குள், இரண்டு பெரிய கார்களுக்கு நடுவில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். கருப்புசாமி விசிலை வாயில் வைத்து, “வாங்க, வாங்க, இன்னுங் கொஞ்சம் பின்னால, லெஃப்ட்டு ஒடிங்க, ஆங், போதும்” என்று கையசைத்தார். அது பழக்கதோஷம். அவளும் சொன்னபடி பின்னால் நகர்ந்து, இடது பக்கம் ஒடித்து நின்றாள்.

பத்து நிமிஷம் என்பது ஒரு கார் நிற்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பெண் நிற்பதற்கு நீண்ட நேரம். மூட்டம் இறங்கி இரு பக்கத்துக் கார்களும் மறைந்தன. காலடியில் கோடு மட்டும் தெரிந்தது. கட்டம் ஒரு காருக்கு உரிய அகலம். அவள் அதில் கால்வாசிகூட இல்லை. மீதி இடம் வெறுமனே இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. வலது பக்கம், ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தில், கொஞ்சம் குளிர் அதிகமாக இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றாள்.

பூவெல்லாம் பார்த்துவிட்டு வந்ததும் மறுபடி கட்டத்தில் நின்று, வண்டியை வெளியே எடுத்து, அதன் பிறகுதான் நடந்து போக முடிந்தது. அன்று சாயங்காலம் லாட்ஜ் பதிவேட்டில் வண்டி எண் என்ற இடத்தில், யாரும் கேட்காமலே, அவள் 4417 என்று எழுதினாள்.

அடுத்த நாள் கிளென்மார்கன் போனாள். பேருந்து இறக்கிவிட்ட இடத்திலிருந்து தேயிலைத் தோட்டத்தின் நடுவே நடந்தாள். காட்சிமுனைக்குப் போகும் பாதையில் ஆணையம் ஒரு தடுப்புக் கம்பம் போட்டிருந்தது. கம்பத்துக்குப் பக்கத்தில் மூன்று ஆள் அகலத்துக்கு இடம் திறந்தே கிடந்தது. தலையில் இலை மூட்டையோடு இரண்டு பெண்கள் அதன் வழியே பேசிக்கொண்டே போனார்கள். கலைமதி அப்படிப் போகக் கால் வைத்ததும் காவலர் தடுத்தார். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், அவள் பயணி, பயணிக்குக் கம்பம் உயர வேண்டும். கம்பம் வண்டியின் எடைக்குத்தான் உயரும். அவள் எடை போதவில்லை. கடைசியில் காவலரும் அவளோடு சேர்ந்து தரையிலிருந்த இரும்புத் தகட்டின் மேல் ஏறி நின்றார், இருவரும் ஒரே சமயத்தில் குதித்தார்கள். கம்பம் உயர்ந்தது.

“வணக்கம் பிரைட்டன்” என்றது அதே பெண் குரல். “இங்கே இது உங்கள் இரண்டாம் வருகை. முன் வருகை, ஜூன் ஒன்பது. அன்று இருவராக வந்தீர்கள். இன்று...” குரல் ஒரு கணம் யோசித்தது. “இன்றும் இருவர். நல்வரவு.”

காவலர் சிரித்தார். கலைமதிக்குச் சிரிப்பு வரவில்லை. காட்சிமுனையில் காட்சி எதுவும் இல்லை, வெள்ளையாக இருந்தது. கீழே எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம். ஜூன் ஒன்பதாம் தேதி இங்கே நின்ற இருவர் எதைப் பார்த்திருப்பார்கள் என்று அவள் யோசித்தாள். இரண்டு வருஷமாக ஒருவர் ஏன் இந்த மலையிலிருந்து இறங்கவில்லை என்றும் யோசித்தாள். அவளுக்கு யாரோ மலையைச் சுற்றிக் காட்டுவது போலிருந்தது. திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்து இருக்கையில் யாரும் உட்காரவில்லை. கூட்டம் நிறைய இருந்தும் உட்காரவில்லை.

அதற்கடுத்த நாள் படகுத்துறை. இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. கருவி பன்னிரண்டாம் கட்டம் என்றதும் நேரே போய் நின்றுகொண்டாள். நான்கைந்து நிமிஷம் ஆகியிருக்கும். மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும், மெரூன் நிற ஸ்வெட்டர், தலையில் துண்டு, தோளில் ஒரு பை. கையிலிருந்த போனைப் பார்த்தாள், தரையில் எழுதியிருந்த பன்னிரண்டைப் பார்த்தாள், கலைமதியைப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

“ஏனுங்க,” என்றாள் மெதுவாக. “இது நாப்பத்திநாலு பதினேழுங்களா?”

“ஆமாங்க” என்றாள் கலைமதி.

வந்தவள் கட்டத்தின் வலது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அவரு எங்கீங்க?”

பிரைட்டனைத் தேடி வந்தவள் என்று கலைமதிக்கு அப்போதுதான் புரிந்தது. சீட்டை எடுத்து நீட்டினாள். வந்தவள் அதை வாங்கிப் படித்தாள். பிறகு நேரடியாகவே கேட்டாள், நீங்க அவருக்கு என்ன வேணும் என்று. எந்த உறவும் இல்லை, சாவடியில் எழுதிக் கொடுத்தார்கள், நான் பேருந்தில் வந்தவள் என்று கலைமதி சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு பொய் போலிருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் அந்தப் பெண் நம்பினாள். அவளுக்கு ஆணையத்தை இரண்டு வருஷமாகத் தெரியும்.

அவள் பெயர் ஜெஸிந்தா. ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிரைட்டன் அவள் கணவன். பிறந்து வளர்ந்தது கேத்திதான். வாங்கிய பழைய கார் மட்டும் கோயமுத்தூர் எண். அதனால் காரைக் கொண்டுவந்த அன்றைக்கு ஆணையம் அவனைப் பயணி என்று பதிவு செய்தது. சொந்த வீட்டுக்கு வருவதற்குச் சீட்டு வாங்கிய மனிதன் என்று தெருவே சிரித்தது. ஒன்றரை மாதம் கழித்து, ஜூலை பதினான்காம் தேதி, கூடலூர் போகும் வழியில் ஒரு வளைவில், மூட்டத்தில், கார் உருண்டுவிட்டது. அவனை மேலே கொண்டுவந்துவிட்டார்கள். கேத்தி தேவாலயத்துக் கல்லறையில் இருக்கிறான். காரை மேலே கொண்டுவர முடியவில்லை. அது சோலைக்குள் கிடக்கிறது.

கார் மலையிலிருந்து இறங்காததால் ஆணையத்தின் கணக்கில் பிரைட்டனும் இறங்கவில்லை. மாதம் முதல் தேதி அவன் போனுக்குச் செய்தி வரும். ‘அன்புள்ள பிரைட்டன், நீங்கள் இன்னும் மலையில் இருக்கிறீர்கள்.’ அந்த போன் இப்போது அவளிடம் இருக்கிறது. அதை நிறுத்தச் சொல்லிப் பதினோரு முறை ஆணையத்துக்குப் போனாள். இறப்புச் சான்றிதழைக் காட்டினாள். அது மனிதனுக்கான சான்றிதழ், எங்களிடம் இருப்பது வண்டி என்றார்கள்.

“முந்தாநேத்து மெசேஜு வந்துச்சுங்க. உங்க வண்டி பூங்காவுல முப்பத்தொண்ணாம் கட்டத்துல நிக்குதுன்னு. மறுநாளு கிளென்மார்கன். அங்க நாங்க ரெண்டு பேரும் போயிருக்கறமுங்க, கார் வாங்கின புதுசுல.” அவள் பையைத் தரையில் வைத்தாள். “அவரைப் பொதைச்சதே நாந்தானுங்க. கையால மண்ணு போட்டிருக்கறன். எல்லாந் தெரியும். தெரிஞ்சும் இன்னிக்குக் காலைல இஸ்கோலுக்கு லீவு சொல்லிப்போட்டு, ரெண்டு பேருக்குச் சோறு கட்டிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுல அடுத்த மெசேஜுக்குக் காத்திருந்தனுங்க.”

கட்டத்துக்குள் வந்து உட்காருங்க என்றாள் கலைமதி. ஜெஸிந்தா கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தேங்காய்ப்பால் சோறு, முட்டைக்கோஸ் பொரியல், மாட்டுக்கறி வறுவல். நேரம் முடிந்ததும் காவலர் விசில் அடித்தார். அவர்கள் எழுந்திருக்கவில்லை. ஒழுங்காக நிறுத்தப்பட்ட வண்டியை அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சாப்பிட்டு முடிக்கும்போதுதான் ஜெஸிந்தா மிச்சத்தையும் சொன்னாள். அன்று காலை சண்டை. கேரளத்தில், நிலம்பூரில் நண்பனுடைய ரப்பர் தோட்டத்தில் வேலை, வா போகலாம் என்றான் அவன். இஸ்கோலை விட்டு வரமாட்டேன் என்றாள் அவள். அப்படியானால் நான் போகிறேன், திரும்பி வரமாட்டேன் என்று ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு போனான். அந்தப் பையோடுதான் விழுந்தான். கேத்தியில் எல்லோருக்கும் அந்தப் பையைத் தெரியும். விட்டுவிட்டுப் போனவன் என்று அவள் காதுபடவே பேசினார்கள். ஆனால் நிலம்பூர் வழியிலுள்ள நடுகாணிச் சாவடியில் அவனைப் பார்த்ததாக ஒரு லாரிக்காரர் சொன்னாராம், மத்தியானம் என்று. விழுந்ததும் மத்தியானம்தான். கார் பல முறை உருண்டதால் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்று போலீசாலும் சொல்ல முடியவில்லை.

“போறப்ப உழுந்தாரா, வாறப்ப உழுந்தாரா. அதொண்ணுதானுங்க எனக்கு வேணும். நடுகாணிச் சாவடியில பதிவிருக்கும். கேட்டாத் தரமாட்டீங்கறாங்க.”

சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு இருவரும் ஆணையத்தின் அலுவலகத்துக்கு நடந்தார்கள். அது பன்னிரண்டாவது முறை.

உதவி ஆணையர் சிவகுரு அவர்களை நிற்க வைக்கவில்லை, நல்ல மனிதர். உட்கார வைத்து, விஷயத்தைக் கேட்டு, திரையைப் பார்த்து, முகம் மலர்ந்தார். இரண்டு வருஷமாக அசையாத பச்சைப் புள்ளி மூன்று நாளில் மூன்று இடத்துக்குப் போயிருக்கிறது. எழுந்து நின்று ஜெஸிந்தாவுக்கு வாழ்த்துச் சொன்னார்.

“பார்த்தீங்களாம்மா, உங்க வண்டி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் அவசரப்பட்டீங்க.”

அது வண்டி இல்லை, நான்தான் என்றாள் கலைமதி. சிவகுரு அவளைக் கனிவோடு பார்த்தார்.

“மனுஷங்களுக்கு நாங்க எதிரி இல்லம்மா. மனுஷங்க யாருங்கறதே எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு வண்டிதான் தெரியும். இந்த மலையோட தாங்குசக்தியப் பத்தி நாங்க எட்டு மாசம் ஆய்வு பண்ணினோம். பதினாலு வண்டில மலை முழுக்கச் சுத்தினோம். எங்க போனாலும் நெரிசல். முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி. அப்பத்தான் இப்படி ஒரு ஆணையம் அவசியம்னு புரிஞ்சது. இன்னிக்குப் பாருங்க, எங்க கணக்குப்படி நடந்து வர்ற ஒருத்தராலகூட இந்த மலைக்குத் தொந்தரவு இல்லை. ஏன்னா நடந்து ஒருத்தரும் வரல.”

“அவரு செத்துட்டாருங்க சார்” என்றாள் ஜெஸிந்தா.

“அது அவரோட சொந்த விஷயம். அதுல நாங்க தலையிட முடியாது.”

நடுகாணிப் பதிவைப் பற்றி அவள் பன்னிரண்டாவது முறையாகக் கேட்டாள். ஒரு பயணி எங்கே போனார், எங்கே திரும்பினார் என்பது அந்தரங்கம் என்றார் சிவகுரு. அதை வேறு யாருக்கும் சொல்ல முடியாது, குறிப்பாக மனைவிக்கு. பயணியே கேட்டால் சொல்லலாம்.

கலைமதி தன் சீட்டை மேசையில் வைத்தாள். அந்த வண்டியின் பயணி இப்போது நான்தானே, நான் கேட்கிறேன் என்றாள். அவள் வாழ்க்கையில் ஒரு அதிகாரியிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. சிவகுரு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். சக பயணிக்கும் அந்த உரிமை உண்டு என்று இருந்தது. ஆனால் இங்கே இல்லை, வெளியேறும் சாவடியில். வண்டி இறங்கும்போது அந்தச் சாவடியில் அதற்கு இருக்கும் பதிவைத் திரை ஒரு முறை காட்டும். காட்டியதும் கோப்பு மூடிவிடும். பயணி மலையில் இல்லை என்று ஆகிவிடும். மாதச் செய்தியும் நின்றுவிடும்.

“ரெண்டும் ஒரே நேரத்துல முடியும். உங்களுக்கு நல்லதுதானேம்மா” என்றார்.

ஜெஸிந்தா எழுந்தாள். வெளியே வந்து பேருந்து நிலையம் வரைக்கும் நடந்தாள். பிறகு, பதினோரு முறை நிறுத்தச் சொல்லிக் கேட்டது நான்தான் என்றாள். ஆனால் ஒன்றாம் தேதி அந்த போன் அடிக்கும்போது உடனே எடுப்பதில்லை, கொஞ்சம் அடிக்க விடுவேன் என்றாள். நாளைக்கு என்ன செய்யலாம் என்று கலைமதி கேட்கவில்லை. நாளையோடு தன் லீவு முடிகிறது என்பதை மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை கலைமதி பெட்டியோடு பேருந்து நிலையத்துக்கு வந்தபோது கூடலூர் பேருந்தில் ஜெஸிந்தா அவளுக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைத்திருந்தாள்.

வளைவுகளில் பேருந்து இறங்கியது. மூட்டம் ஜன்னலை ஒட்டியே வந்தது. ஓர் இடத்தில் ஜெஸிந்தா, இங்கதானுங்க என்றாள். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார், எதிரே லாரி வந்ததால். கலைமதி கீழே பார்த்தாள். உண்ணிச் செடி, ஈரமான பாறை, அதற்குக் கீழே வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ ஒரு கார் கிடக்கிறது, அதில் சக பயணியாக மூன்று நாள் சுற்றியிருக்கிறோம் என்று நினைத்ததும் வயிற்றைப் புரட்டியது. பேருந்தில் அவளுக்கு அப்படி ஆனது அதுதான் முதல் முறை. ஜெஸிந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரத்தம் எடுக்கும்போது யாராவது பயந்தால் கலைமதி பிடிப்பது போலவே, மணிக்கட்டுக்கு மேலே.

கூடலூரில் பேருந்து மாறி நடுகாணியில் இறங்கினார்கள். அங்கே மூட்டமில்லை. சாவடிக் கம்பம், அதற்கு இந்தப் பக்கம் ஒரு டீக்கடை, அந்தப் பக்கம் கேரளத்துக்கு இறங்கும் சாலை. பணியிலிருந்தவர், வண்டி எங்கே சேச்சி என்று கேட்டார். இதுதான் என்று கலைமதி தன்னைக் காட்டினாள். அவர் சீட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், வண்டிகள் வருகிற பாதையிலேயே வரச் சொன்னார். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கச் சொன்னார்.

இருவரும் பின்னால் போய், ஒரு லாரிக்கும் ஒரு வேனுக்கும் நடுவில் வரிசையில் நின்றார்கள். கலைமதி வலது பக்கம். ஜெஸிந்தா இடது பக்கம், காரில் அவள் எப்போதும் உட்காருகிற பக்கம். லாரி நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். கருவியின் முன்னால் வந்ததும் கலைமதி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பின்னாலிருந்த வேன் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெஸிந்தா போனைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“வைங்க” என்றாள்.

கலைமதி சதுரத்தைக் காட்டினாள். சந்தோஷமான அந்தப் பெண் குரல் வந்தது.

“வணக்கம் பிரைட்டன். நடுகாணிச் சாவடியில் இது உங்கள் இரண்டாம் வருகை. முன் வருகை, ஜூலை பதினான்கு, முற்பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு. சாவடியைக் கடக்கவில்லை. பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு ஊட்டி திசையில் திரும்பினீர்கள்.”

திரையில் அதே வாசகங்கள் பச்சையில் நின்றன. ஜெஸிந்தா அதை ஒரு முறை படித்தாள். படித்து முடிப்பதற்குள் திரை வெறுமையானது. கம்பம் உயர்ந்தது. அவள் கையிலிருந்த போன் அடித்தது. ‘அன்புள்ள பிரைட்டன், உங்கள் வாகனம் இறங்கிவிட்டது. உங்கள் பயணம் இனிதாக அமைந்ததா? ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

வண்டி இறங்கிவிட்டதால் பயணி அந்தப் பக்கம் போக வேண்டும் என்று பணியாளர் சொன்னார். கலைமதி பெட்டியை எடுத்துக்கொண்டு கம்பத்தைத் தாண்டினாள். ஜெஸிந்தாவும் கூடவே இரண்டு அடி வந்தாள். அவள் தாண்டினால் மறுபடி ஏறச் சீட்டு வேண்டும், வண்டி எண் கேட்பார்கள் என்று அவர் நினைவுபடுத்தினார். அவள் நின்றாள். கம்பம் இருவருக்கும் நடுவில் இறங்கியது. நிலம்பூர் பேருந்து வர இன்னும் நேரமிருந்தது.

ஜெஸிந்தா அழவில்லை. முகத்தை மட்டும் துண்டால் துடைத்துக்கொண்டாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்தெட்டு என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு டீக்கடைக்குப் போய் இரண்டு டீ சொன்னாள். ஒரு கிளாஸைக் கம்பத்துக்கு அடியில் நீட்டினாள். மலைக்குள் வாங்கிய டீயை வெளியில் இருப்பவர் குடிக்கலாமா என்பதற்கு விதி இருக்கிறதா என்று பணியாளர் யோசித்துக்கொண்டிருந்தார். கலைமதி வாங்கிக்கொண்டாள்.

ஆவி பறக்கிற டீ. இருவரும் கம்பத்தின் இரு பக்கமும் நின்று ஊதி ஊதிக் குடித்தார்கள். ஜெஸிந்தா அவசரப்படாமல், கடைசி மடக்கு வரை குடித்தாள். கிளாஸைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு வந்து போனில் மணி பார்த்தாள்.

“ஆறு நிமிசந்தானுங்க ஆவுது” என்றாள்.